டாங்கிளுக்குள்ளே என்ன சிப்?

லினக்ஸ் கேள்வி பதிலுக்கு இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சமாச்சாரம்தான்: டெஸ்க்டாப்பின் பின்னால் சொருகும், கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத அந்த வைஃபை டாங்கிள். மற்ற கேள்விகளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு இந்த இதழில் அதை மட்டும் பார்ப்போம். கட்டளைகளை ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் 21 ஓடுகிறது. மோடம் மாடியில் இருப்பதால் கேபிள் இழுக்க முடியவில்லை, டப்பாவில் ஏசி600 என்று போட்ட டாங்கிள் ஒன்று வாங்கினேன். சொருகினால் வைஃபை வரவில்லை, அதற்குப் பதிலாக சிடி மாதிரி ஒரு படம் டெஸ்க்டாப்பில் வருகிறது. உள்ளே செட்அப் என்று ஒரு ஃபைல், அதை அழுத்தினால் ஒன்றும் ஆகவில்லை. டாங்கிள் அவுட்டா? விற்றவர், "பேசாம விண்டோஸ் போட்டுருங்கண்ணே" என்கிறார். (காரைக்குடி வாசகர்)

பதில்: டாங்கிள் நன்றாகத்தான் இருக்கிறது, வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இந்தச் சாமான்களோடு டிரைவர் போடுவதற்கு ஒரு குட்டி சிடி கொடுப்பார்கள். இப்போது யார் வீட்டில் சிடி டிரைவ் இருக்கிறது? அதனால் விண்டோஸ் டிரைவரை டாங்கிளுக்குள்ளேயே கொஞ்சம் மெமரியில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். சொருகியதும் அது கம்ப்யூட்டரிடம் "நான் ஒரு சிடி டிரைவ்" என்றுதான் சொல்லிக்கொள்ளும். விண்டோஸில் அந்த செட்அப்பை ஓட்டி டிரைவர் ஏறியதும் வேஷத்தைக் கலைத்துவிட்டு வைஃபையாக வந்து நிற்கும். லினக்ஸில் அந்த செட்அப் ஓடாது, ஆகவே நாம்தான் வேஷத்தைக் கலைக்க வேண்டும்.

டெர்மினலைத் திறந்து எல்எஸ்யுஎஸ்பி என்று அடியுங்கள். மவுஸ், கீபோர்டு, பிரின்டர் எல்லாம் ஒவ்வொரு வரியாக வரும். அதில் ரியல்டெக் (சிப் செய்யும் கம்பெனி) என்று ஒரு வரியும் அதில் 0பிடிஏ:1ஏ2பி என்று ஓர் எண்ணும் இருந்தால் அதுதான் உங்கள் ஆள். இப்போது அந்த சிடி படத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து எஜெக்ட் கொடுங்கள். ஐந்து விநாடி விட்டு மறுபடியும் எல்எஸ்யுஎஸ்பி. எண் மாறியிருக்க வேண்டும், இந்த வகை ஏசி600 டாங்கிள்களில் பெரும்பாலும் 0பிடிஏ:சி811 என்று வரும். கோலனுக்கு முன்னால் இருக்கும் நான்கு எழுத்து கம்பெனி, பின்னால் இருக்கும் நான்கு எழுத்து பொருள். இந்த எட்டு எழுத்துதான் டாங்கிளின் ஜாதகம். டப்பா, பெயர், மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், எதையும் நம்பாதீர்கள், இதை மட்டும் நம்புங்கள்.

சி811 என்றால் ரியல்டெக்கின் 8811சியு அல்லது 8821சியு குடும்பம். எண் மாறியும் வைஃபை வரவில்லையா, அடுத்து யுநேம் -ஆர் என்று அடித்துப் பாருங்கள், உங்கள் மின்ட் 21இல் 5.15 என்று தொடங்கும் ஒரு கர்னல் எண் வரும் என்று நினைக்கிறேன் (கர்னல் என்பது லினக்ஸின் இதயம்). சிக்கல் அங்கேதான். லினக்ஸில் டிரைவர் என்பது தனியாக சிடியில் வருகிற சரக்கு அல்ல, பெரும்பாலும் கர்னலோடு சேர்ந்தே வருவது. இந்தச் சிப்புக்கான யுஎஸ்பி டிரைவர் 6.2 கர்னலில்தான், அதாவது 2023 பிப்ரவரியில்தான் உள்ளே வந்தது. உங்கள் கர்னல் அதற்கு மூத்தது, அதற்கு இந்த டாங்கிளை யாரென்றே தெரியாது.

மின்டில் இதற்கு வழி சுலபம். அப்டேட் மேனேஜரைத் திறந்து வியூ மெனுவில் லினக்ஸ் கர்னல்ஸ் என்று இருப்பதை அழுத்தினால் இடது பக்கம் பட்டியல் வரும், 6.8 வரிசையில் இருப்பதைத் தேர்ந்து இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய கர்னல் அழியாது. புதியதில் வேறு ஏதாவது இடக்கு செய்தால் பூட் ஆகும்போது அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் பழையதிலேயே உள்ளே வரலாம்.

"இன்டர்நெட்டே இல்லாமல் எப்படி சார் இறக்குவது?" என்பீர்கள். உங்கள் ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரில் மாட்டி, போன் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். எந்த டிரைவரும் போடாமல் லினக்ஸ் அதைக் கேபிள் நெட் மாதிரியே எடுத்துக்கொள்ளும். டாங்கிள் தகராறு செய்யும் வீடுகளில் இதைவிட நல்ல துணை கிடையாது, ஆனால் கடிதம் எழுதிய யாருக்கும் இது தோன்றவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

எஜெக்டை நீங்கள் தினமும் செய்ய வேண்டியதில்லை. அந்த வேலையைப் பார்க்க யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் போடச் சொன்னவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவருக்குத் தெரிந்த மருந்து அது.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உபுண்டு 22.04. என்னுடைய டாங்கிளில் ரியல்டெக் 8812ஏயு சிப். கோட் பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி, கம்பைல் செய்ய மேக், போட மேக் இன்ஸ்டால் எல்லாம் செய்தேன், ஒரு எரர்கூட வரவில்லை. ஆனால் டிரைவரை ஏற்ற மாட்ப்ரோப் அடித்தால் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று வருகிறது. எந்த கீ? நான் எதுவும் கொடுக்கவே இல்லையே! (கோவை வாசகர்)

பதில்: கொடுக்காததுதான் பிரச்சினை. உங்கள் போர்டில் செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கிறது. அது ஆன் ஆகியிருந்தால், தான் நம்பும் ஒருவர் கையெழுத்துப் போட்ட டிரைவரை மட்டும்தான் கர்னல் உள்ளே விடும். உபுண்டுவோடு வரும் டிரைவர்களில் அவர்கள் கையெழுத்து இருக்கிறது. நீங்கள் உங்கள் மேசையில் உட்கார்ந்து சமைத்ததில் யார் கையெழுத்து இருக்கும்? வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இதற்கு முறையான வழி டிகேஎம்எஸ் என்ற கருவி. வெறும் மேக் இன்ஸ்டால் செய்ததை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, அதே டிரைவரை டிகேஎம்எஸ் வழியாகப் போடுங்கள், நீங்கள் இறக்கிய பக்கத்திலேயே அதற்கான ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இருக்கும். அதில் இரண்டு லாபம். கர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் டிரைவரை அதுவே மறுபடி கம்பைல் செய்துகொள்ளும் (கர்னல் ஹெடர்ஸ் பேக்கேஜ் இருக்க வேண்டும், அது இல்லாமல்தான் பலருக்கு அப்டேட் ஆன மறுநாள் காலையில் வைஃபை காணாமல் போகிறது). இரண்டாவது, உபுண்டுவில் அது உங்கள் பெயரில் ஒரு சாவியை உருவாக்கி டிரைவரில் கையெழுத்தும் போட்டுவிடும்.

ஆனால் அந்தச் சாவியை நம்பலாம் என்று போர்டிடம் நீங்கள்தான் நேரில் சொல்ல வேண்டும், இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். இன்ஸ்டால் ஆகும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். எதையோ அடித்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறோம். அந்த ரீஸ்டார்ட்டின்போது உபுண்டு வருவதற்கு முன்னால் நீல நிறத்தில் ஒரு திரை வந்து, ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று 10 விநாடி காத்திருக்கும். அழுத்தாவிட்டால் ஒன்றும் நடக்காதது போல பூட் ஆகிவிடும், சாவியும் பதிவாகாது. அந்தத் திரையில் என்ரோல் எம்ஓகே, அப்புறம் கன்டினியூ, அப்புறம் யெஸ், அப்புறம் நீங்கள் வைத்த அதே பாஸ்வேர்டு, கடைசியில் ரீபூட். திரையைத் தவறவிட்டிருந்தால் சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ என்று அடித்து மறுபடி வரவழைக்கலாம். இந்த முறை எழுந்து போகாதீர்கள்.

பயாஸில் போய் செக்யூர் பூட்டையே ஆஃப் செய்துவிடலாமே என்று உங்கள் சீனியர் சொல்வார். செய்யலாம், வேலை செய்யும். அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் பிட்லாக்கரோடு (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் ரெக்கவரி கீயைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் வைஃபை வந்துவிடும், விண்டோஸ் போய்விடும்.

என்னைக் கேட்டால் இதெல்லாமே சுற்றுவழி. 8812ஏயு, 8821ஏயு இரண்டுக்கும் 2025 மார்ச்சில் வந்த 6.14 கர்னலிலேயே டிரைவர் உண்டு. உபுண்டு 24.04க்கு மாறி அந்தக் கர்னலோ அதற்குப் பிந்தியதோ போட்டுக்கொண்டால் கிட்ஹப் பக்கமே போக வேண்டாம். மாறும்போது பழைய டிரைவரை மறக்காமல் நீக்கிவிடுங்கள், ஒரே டாங்கிளுக்கு இரண்டு டிரைவர் இருந்தால் எது முந்துகிறதோ அதுதான் ராஜ்யம்.

இந்த ரியல்டெக் சிப்புகள் லினக்ஸில் இந்த அளவுக்காவது ஓடுகின்றன என்றால் அதில் லாரி ஃபிங்கருக்குப் பெரிய பங்கு உண்டு. கம்பெனிச் சம்பளத்துக்காக அல்லாமல், வருஷக்கணக்காக வயர்லெஸ் டிரைவர்களைத் திருத்திக்கொண்டும், ஓடாத டாங்கிள்களோடு வருகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டும் இருந்தவர். 2024 ஜூனில் காலமானார். நீங்கள் இறக்கிய டிரைவரின் ஃபைல்களைத் திறந்து பாருங்கள், இப்படி எத்தனை பேர் கை பட்டிருக்கிறது என்று தெரியும்.

கேள்வி: நண்பர் வைத்திருக்கும் அதே கம்பெனி, அதே மாடல் டாங்கிளை வாங்கினேன். அவருக்குச் சொருகியதும் வேலை செய்கிறது. எனக்கு இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே டெபியன் லினக்ஸ். எனக்கு மட்டும் என்ன ராசி? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். இதில் ஊரறிந்த உதாரணம் டிபி-லிங்க்கின் டபிள்யுஎன்722என். முதல் வெர்ஷனில் இருந்தது ஏத்திராஸ் 9271, லினக்ஸ்காரர்கள் தேடித் தேடி வாங்கிய சிப், சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேர்கூடத் திறந்த மூலம். இரண்டாம் வெர்ஷனிலிருந்து உள்ளே ரியல்டெக் 8188இயுஎஸ். வெளியே அதே வெள்ளை உடம்பு, அதே ஆன்டெனா. ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் வி2 என்றோ வி3 என்றோ போட்டிருப்பதைத் தவிர வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

நண்பருடையதையும் உங்களுடையதையும் ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிச் சொருகி எல்எஸ்யுஎஸ்பி பாருங்கள். எண்கள் வேறாக இருந்தால் கதை முடிந்தது. எண்கள் ஒன்றாகவே இருந்தால் ஃபர்ம்வேர் பக்கம் சந்தேகப்படுங்கள். டாங்கிளைச் சொருகிய உடனே சூடோ டிஎம்இஎஸ்ஜி (கர்னல் எழுதும் குறிப்புகளைக் காட்டும்) அடித்துக் கடைசி இருபது வரியைப் படியுங்கள். ஃபர்ம்வேர் என்ற சொல்லும் கூடவே -2 என்ற எண்ணும் தென்பட்டால், டிரைவர் வந்துவிட்டது, அது கேட்கும் ஃபைல் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இல்லை என்று அர்த்தம். டெபியன் 12க்கு முந்தைய அதிகாரபூர்வ இன்ஸ்டாலர்களில் இந்த மூடிய ஃபர்ம்வேர்களைச் சேர்க்க மாட்டார்கள், கொள்கை அப்படி. 2023இல் வந்த 12இலிருந்துதான் இன்ஸ்டாலரிலேயே சேர்த்தார்கள். நண்பர் புதிதாகப் போட்டவராகவும் நீங்கள் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக அப்கிரேட் செய்து வந்தவராகவும் இருந்தால், ஒரே டெபியன் என்று நீங்கள் நினைப்பது ஒரே டெபியன் இல்லை. பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்ஸஸ் லிஸ்டில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்பதைச் சேர்த்து, அந்தச் சிப்புக்கான ஃபர்ம்வேர் பேக்கேஜைப் போடுங்கள்.

கேள்வி: ஆடிட்டர் ஆபீஸில் வேலை. நாள் முழுக்க வைஃபை ஒழுங்காக இருக்கிறது. சாயங்காலம் பேக்கப் எடுக்க ஆரம்பித்தால் விட்டு விட்டு வருகிறது, சில நாள் மொத்தமாகக் கட். பேக்கப் முடிந்ததும் தானாகச் சரியாகிவிடுகிறது. பேக்கப் இன்டர்நெட் வழியாகக்கூட இல்லை, பக்கத்தில் மாட்டியிருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில்தான். (திருப்பூர் வாசகர்)

பதில்: இந்த மாதக் கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான், விடையையும் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். குற்றவாளி அந்த ஹார்ட் டிஸ்க்.

யுஎஸ்பி 3 கேபிளில் தகவல் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்திலிருந்து கசிகிற மின்காந்த இரைச்சல் ஓர் இடத்தில் நிற்காமல் பரந்து விரிந்து கிடக்கும், வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. இன்டெல் 2012இலேயே இதைச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டது, அதில் வயர்லெஸ் மவுஸ்கூடப் பாதிக்கப்படுவதைக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் மவுஸும் வயர்லெஸ்தான் என்றால், பேக்கப் நேரத்தில் அது திக்கித் திக்கி நகர்கிறதா என்று கவனியுங்கள். ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கும்போது இரைச்சல் குறைவு, ஃபைல் காப்பி ஆகும்போது அதிகம். நீங்கள் சொல்லும் சாயங்காலக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

இது எனக்கே நடந்தது, சொன்னால் வெட்கம். வீட்டில் இதே மாதிரி விட்டு விட்டு வந்தபோது இரண்டு வாரம் நெட் கொடுப்பவரோடு சண்டை போட்டேன். அந்தப் பையன் இரண்டு தடவை வந்து மோடத்தை மாற்றிவிட்டுப் போனான், நான் கர்னலை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், ரூட்டரின் சேனலை மாற்றினேன். கடைசியில் ஒருநாள் மேசையைத் துடைப்பதற்காக ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்தேன், வைஃபை நான்கு கட்டை நிமிர்ந்து நின்றது. டாங்கிளும் டிஸ்கும் அடுத்தடுத்த நீல யுஎஸ்பி 3 துளையில், இடையில் ஒரு விரல்கூட நுழையாத இடைவெளியில் இருந்தன. அந்தப் பையனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றான், ஆனால் அந்த "பரவால்ல"வில் நிறைய இருந்தது.

ஆகவே ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குங்கள். யுஎஸ்பி 2 கேபிளே போதும், உண்மையில் அதுதான் நல்லது. டாங்கிளை அதன் முனையில் மாட்டி, மேசையின் மேல் பக்கமாக, இரும்புப் பெட்டியை விட்டுத் தள்ளி ஒட்டிவிடுங்கள். சிபியுவின் பின்பக்கம், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் கிடக்கும் டாங்கிளுக்கு ஹார்ட் டிஸ்க் இல்லாவிட்டாலும் சிக்னல் கஷ்டம்தான், இதில் இரண்டும் தீரும். டாங்கிளும் ரூட்டரும் 5 கிகாஹெர்ட்ஸ் பேசுகிறவையாக இருந்தால் அந்த நெட்வொர்க்குக்கு மாறிக்கொள்வதும் ஒரு வழி, அங்கே இந்தத் தொல்லை வராது.

பேக்கப் எடுக்காத நேரத்திலும் விட்டு விட்டு வருகிறது என்று இன்னும் நான்கைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் முதலில் பவர் சேவிங்கைப் பாருங்கள். உபுண்டு, மின்ட் இரண்டிலும் ஈடிசி ஃபோல்டருக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி என்று போனால் வைஃபை பவர்சேவ் பற்றி ஒரு ஃபைல் இருக்கும். அதில் கடைசியில் 3 என்றிருப்பதை 2 ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 3 என்றால் மிச்சம் பிடி, 2 என்றால் மிச்சம் பிடிக்காதே. லேப்டாப்புக்கு பேட்டரி மிச்சம், சரி. சுவரில் பிளக் மாட்டியிருக்கும் டெஸ்க்டாப்பில் எதை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி: எங்கள் வீட்டு ரூட்டரில் 5ஜி என்று முடியும் ஒரு வைஃபை பெயரும் வருகிறது. போனில் தெரிகிறது, கம்ப்யூட்டரில் தெரியவில்லை. டாங்கிளில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறது. (ஒரு இல்லத்தரசி, மதுரை)

பதில்: தெரியாதும்மா. 5ஜி என்று முடியும் அந்தப் பெயர் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. 150 என்று போட்டு வரும் மலிவு டாங்கிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பேசும். லினக்ஸைத் திட்ட வேண்டாம், விண்டோஸிலும் தெரியாது.

கேள்வி: பாஸ்வேர்டு சரியாகத்தான் அடிக்கிறேன், திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அதே பாஸ்வேர்டில் போன் கனெக்ட் ஆகிறது. புது ரூட்டர் வந்ததிலிருந்துதான் இப்படி. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: புது ரூட்டர் என்றதும் எனக்குத் தோன்றுவது டபிள்யுபிஏ3 என்ற புதிய வைஃபை பூட்டு. பழைய டாங்கிள்களின் டிரைவர்கள் பலவற்றுக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது, ஆனால் "தெரியாது" என்று சொல்லாமல் பாஸ்வேர்டு தப்பு என்பது போல உங்களிடமே திருப்பிக் கேட்கும். ரூட்டர் செட்டிங்கில் டபிள்யுபிஏ2 மட்டும் என்று வைத்துப் பாருங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் இன்னொன்று. நெட்வொர்க்மேனேஜர் வைஃபை தேடும்போது டாங்கிளின் மேக் முகவரியை (அதன் அடையாள எண்) மாற்றி மாற்றிக் காட்டும், யாரும் நம்மைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக. சில டாங்கிள்களுக்கு இந்த விளையாட்டு ஒத்துக்கொள்வதில்லை. மேலே சொன்ன அதே நெட்வொர்க்மேனேஜர் ஃபோல்டரில் இருக்கும் முக்கிய கான்ஃப் ஃபைலில், டிவைஸ் என்ற சதுர அடைப்புக்குக் கீழே வைஃபை.ஸ்கேன்-ரேண்ட்-மேக்-அட்ரஸ்=நோ என்று ஒரு வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேர்த்து, ரீஸ்டார்ட்.

கேள்வி: அண்ணே, இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம். என்ன வாங்கலாம், அதை மட்டும் சொல்லுங்கள். (சேலம் வாசகர்)

பதில்: கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன், நாளைக்கே அவர்கள் உள்ளே சிப்பை மாற்றினால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள். சிப் பெயர் சொல்கிறேன், துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெறும் மெயில், பாட்டு, பேங்க் வேலை என்றால் மீடியாடெக் எம்டி7601யு போதும், 2015இல் வந்த 4.2 கர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது, எந்தப் பழைய லினக்ஸிலும் சொருகியதும் ஓடும். வேகம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள், 2.4 மட்டும்தான். இரண்டு பேண்டும் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) வேண்டும், ஆனால் கம்ப்யூட்டரில் பழைய கர்னல் என்றால் எம்டி7612யு அல்லது எம்டி7610யு. வைஃபை 6 ரூட்டர் வாங்கிவிட்டீர்கள், கர்னலும் 5.19க்கு மேல் என்றால் எம்டி7921ஏயு. மூன்று பதிலும் மீடியாடெக்கா என்று கேட்காதீர்கள், அவர்கள் டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே சேர்க்க முனைகிறார்கள், நமக்கு வேண்டியது அதுதான். ரியல்டெக்கும் இப்போது தேவலாம், ஆனால் எந்தக் கர்னலில் எந்தச் சிப் என்று மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

கடையில் வாங்கினால் கவரைப் பிரிக்கும் முன் "சிப் என்ன?" என்று கேளுங்கள். முக்கால்வாசிக் கடையில் தெரியாது என்பார்கள். அப்படியானால் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் ஒரு மின்ட் லைவ் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், அவர்கள் கம்ப்யூட்டரிலேயே பூட் செய்து டாங்கிளைச் சொருகிக் காட்டச் சொல்லுங்கள். சேலத்தில் நல்ல மனசுக்காரக் கடைகள் இருக்கும், நம்புகிறேன். ஆன்லைனில் வாங்குவதென்றால் ரிட்டர்ன் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வந்த அன்றைக்கே எல்எஸ்யுஎஸ்பி அடித்துவிடுங்கள், டப்பாவைக் கிழிக்காமல்.